அகக்கண்ணால் எண்ணியவர்

நுழையும் முன்

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். இவ்விரண்டையும் ஒரே செயலாகச் செய்து காட்டிய கணித மேதை ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். இருபதாம் வயதில் பிறந்த ஊரைவிட்டுப் புறப்பட்ட அவர், மீண்டும் அவ்வூருக்குத் திரும்பவே இல்லை. முதுமையில் கண்ணொளியையும் இழந்தார். ஆயினும், பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு பேரெண்ணின் இயல்பை, எவரும் ஐயுற இயலாதவாறு மெய்ப்பித்தார். லியோனார்டு ஆய்லர் என்னும் அம்மேதையின் வாழ்வையும், அவர் ஆராய்ந்த இரு பேரெண்களின் கதையையும் இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

ஆய்லர், 1707ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவப் போதகர். கணிதத்திலும் பயிற்சி உடையவர். மகனுக்குக் கணிதத்தின் தொடக்கப் பாடங்களை அவரே கற்பித்தார். எனினும், மகனும் தம்மைப் போலவே போதகராக வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது.

ஆய்லர் தம் பதின்மூன்றாம் வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு யோகான் பெர்னூலி என்னும் புகழ்மிக்க கணிதப் பேராசிரியர் பணியாற்றினார். அவரிடம் தனியே பாடம் கேட்க ஆய்லர் விரும்பினார். பேராசிரியருக்கோ அதற்கு நேரமில்லை. அரிய நூல்களைத் தாமே படிக்கும்படியும், புரியாத இடங்களை மட்டும் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கும்படியும் அவர் கூறினார். ஆசிரியரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று கருதிய ஆய்லர், வாரம் முழுவதும் முயன்று, பெரும்பாலான ஐயங்களைத் தாமே தீர்த்துக்கொண்டார். விடை கிட்டாத மிகச் சில வினாக்களை மட்டுமே ஆசிரியரிடம் கொண்டுசென்றார். பிறரிடம் கேட்பதற்கு முன் தானே எண்ணிப் பார்க்கும் அப்பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் வழிநடத்தியது.

மாணவரின் திறமையை அறிந்த பெர்னூலி, அவரது தந்தையிடம் பேசி, கணிதத் துறைக்குச் செல்ல இசைவு பெற்றுத் தந்தார்.

ஊர் விட்டு ஊர்

பாசல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பணியிடம் ஒன்று காலியானது. ஆய்லர் அதற்கு விண்ணப்பித்தார், ஆயினும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இந்நிலையில் ரஷ்ய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்ட அறிவியல் கழகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. 1727ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் பாசலைவிட்டுப் புறப்பட்டார். ரைன் ஆற்றில் படகு, பின்னர் வண்டி, அதன்பின் கடலில் கப்பல் எனப் பல வாரங்கள் பயணம் செய்து, மே மாதத்தில் ரஷ்யாவை அடைந்தார்.

புதிய நாட்டில் மொழியும் தட்பவெப்பமும் வேறாக இருந்தன. அக்கழகத்தில் பணியாற்றிய அயல்நாட்டு அறிஞர் பலர் ரஷ்ய மொழியைக் கற்க முயலவில்லை. ஆய்லரோ அதனைப் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டார். அதேவேளை, பாசல் வட்டாரத்தின் ஜெர்மன் பேச்சுவழக்கை இறுதிவரை கைவிடவில்லை. தம் ஊர்க்காரர்களுடன் உரையாடும்போது, அவ்வட்டாரத்துக்கே உரிய சொற்களை நினைவுகூர்ந்து மகிழ்வது அவரது வழக்கம்.

அந்நாளில் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று இந்தியரின் சூரிய ஆண்டுக் கணக்கைப் பற்றியது. 1738இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளியான ஒரு வரலாற்று நூலின் இணைப்பாக அது அச்சிடப்பட்டது. இந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறையைப் பற்றித் தமிழகத்தின் தரங்கம்பாடியில் வாழ்ந்த வால்தர் என்னும் சமயத் தொண்டர் எழுதிய பகுதியும் அதே நூலில் இடம்பெற்றது.

ஆறாம் எண்ணின் புதிர்

பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்லருக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர் கோல்ட்பாக். இவர் 1729ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில், எண்களைப் பற்றிய ஒரு பழைய செய்தியைக் குறிப்பிட்டு ஆய்லரின் கருத்தைக் கேட்டிருந்தார்.

அச்செய்தி பகா எண்களைப் பற்றியது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்ணே பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 15 என்பது 3ஆலும் 5ஆலும் வகுபடுவதால் அது பகு எண்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஃபெர்மா என்னும் அறிஞர் ஓர் எண்வரிசையைக் கண்டறிந்திருந்தார். அது 3 என்னும் எண்ணில் தொடங்கும். ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, கழித்து வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் வரிசையின் அடுத்த எண் கிடைக்கும். இவ்வாறு 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் தோன்றும். இவை ஐந்தும் பகா எண்கள். ஆறாவது எண் 4294967297. அதாவது, 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297.

இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று ஃபெர்மா நம்பினார். ஆனால் அதனை அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. முதல் ஐந்து எண்கள் அவரது கூற்றுக்கு ஒத்திருந்தன. ஃபெர்மாவோ ஒப்பற்ற மேதை. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவரது ஊகத்தை எவரும் மறுக்கவில்லை.

ஆய்லர் முதலில் இதில் மிகுந்த ஈடுபாடு கொள்ளவில்லை. கோல்ட்பாக் மீண்டும் வலியுறுத்தவே, அவரது கவனம் ஆறாம் எண்ணின்மீது சென்றது. அது பகா எண்தானா என்பதை அறிய, 65536க்குக் கீழுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் அதனை வகுத்துப் பார்க்க வேண்டும். அத்தகைய எண்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றாலேனும் மீதியின்றி வகுபட்டால், ஃபெர்மாவின் ஊகம் வீழ்ந்துவிடும்.

1732இல் ஆய்லர் தம் விடையை அறிவித்தார். 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது. ஈவு 6700417. ஆகவே அது பகா எண் அன்று. ஒரே ஒரு வகுத்தல் ஒரு பேரறிஞரின் ஊகத்தைத் தகர்த்தது.

641 என்னும் எண் தற்செயலாகக் கிடைக்கக்கூடியது அன்று. ஆறாம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் நிறுவிக் காட்டினார். அவ்வாறு அமையும் பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641 ஆகும். ஆறாயிரம் எண்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவது எண்ணிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பெருங்கணக்கைச் செய்யும் ஆற்றலைவிட, எந்தக் கணக்கைச் செய்ய வேண்டியதில்லை என்று அறியும் ஆற்றல் உயர்ந்தது என்பதை இது புலப்படுத்துகிறது.

ஃபெர்மாவின் வரிசையில், முதல் ஐந்து எண்களைத் தவிர வேறொரு பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

மங்கிய கண்கள்

1735இல் ஆய்லர் கடுங்காய்ச்சலால் உயிருக்குப் போராடி மீண்டார். 1738ஆம் ஆண்டளவில் அவரது வலக்கண் பார்வையிழந்தது. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. இனிக் கவனச் சிதறல் குறையும் என்று கருதித் தம் பணியைத் தொடர்ந்தார்.

1741இல் அரசர் இரண்டாம் பிரடெரிக்கின் அழைப்பை ஏற்று ஜெர்மனியின் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். தந்தையார் மறைந்தபின், 1750இல் பிராங்க்பர்ட் நகர்வரை சென்று தம் தாயாரை எதிர்கொண்டு, பெர்லினுக்கு அழைத்துவந்து தம்முடன் வைத்துக்கொண்டார். சொந்த ஊருக்குச் செல்லாத மகனை நாடி, அவ்வூரே தாயின் வடிவில் வந்து சேர்ந்தது.

1766இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன் அழைக்க, ஆய்லர் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் சென்றார். அங்குச் சென்ற சிறிது காலத்திலேயே இடக்கண்ணிலும் புரை வளர்ந்தது. 1771இல் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையால் சில நாள்கள் பார்வை திரும்பியது. பின்னர் ஏற்பட்ட நோய்த்தொற்றால் அதுவும் பறிபோனது. அதே ஆண்டில் நகரில் பரவிய பெருந்தீயில் அவரது வீடும் எரிந்தது. பார்வையற்ற நிலையில் உள்ளே சிக்கிக்கொண்ட அவரை, பாசல் நகரைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்து காத்தார். அவரது கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதியும் காப்பாற்றப்பட்டது.

இருளில் ஒரு பெருங்கணக்கு

கண் மறைந்தபின் ஆய்லரின் பணி குறையவில்லை, பெருகியது. பெரிய பலகை ஒன்றில் சுண்ணக்கட்டியால் பெரிய எழுத்துகளில் குறிப்புகளை எழுதுவார். அவர் சொல்லச் சொல்ல மகனும் மாணவர்களும் கட்டுரைகளாக எழுதுவர். 1773இல் பாசலிலிருந்து வந்த ஃபுஸ் என்னும் இளைஞர், அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் விளங்கினார். நீண்ட கணக்கு ஒன்றைத் தனித்தனியே செய்த இரு மாணவர்களின் விடைகள் ஐம்பதாவது இலக்கத்தில் வேறுபட்டபோது, ஆய்லர் முழுக்கணக்கையும் மனத்திலேயே செய்து பிழையைக் கண்டறிந்தார் என்று கூறுவர்.

இக்காலத்தில்தான் அவர் மற்றொரு பேரெண்ணுக்கு விடை கண்டார். இரண்டு என்னும் எண்ணைப் பலமுறை பெருக்கி, வந்ததிலிருந்து ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் பகா எண் கிடைக்கும். இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3, மூன்று இரண்டுகளுக்கு 7, ஐந்துக்கு 31, ஏழுக்கு 127. இவை யாவும் பகா எண்கள். ஆனால் பதினோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23ஆலும் 89ஆலும் வகுபட்டுவிடுகிறது. இவ்வகை எண்களை ஆராய்ந்தவர் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. 1644இல் அவர் வெளியிட்ட பட்டியலில், முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணும் பகா எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வெண் 2147483647. அதாவது, 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647.

ஃபெர்மாவின் எண்ணில் ஒரு வகுஎண்ணைக் கண்டதும் வேலை முடிந்தது. இங்கு நிலைமை வேறு. எந்த எண்ணும் இதனை வகுக்காது என்று காட்ட வேண்டும். ஒரு வீட்டின் ஒரு கதவு திறந்திருப்பதைக் காட்ட ஒரு கதவே போதும். எல்லாக் கதவுகளும் பூட்டியுள்ளன என்று காட்ட ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வெண்ணுக்கோ 46340 வரையுள்ள ஏறத்தாழ 4800 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருந்தது.

ஆய்லர் மீண்டும் தம் வழியையே பின்பற்றினார், முதலில் சிந்தித்தார். இவ்வெண்ணுக்கு வகுஎண் ஒன்று இருக்குமாயின், அதனை 62ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அதனை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இவ்விரு விதிகளையும் இணைத்தால், அவ்வகுஎண்ணை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் அமையும். இவ்விதிக்கு உட்பட்ட எண்கள் ஏறத்தாழ 372 மட்டுமே. அவற்றிலும் பகு எண்களை விட்டுவிடலாம். எஞ்சிய எண்களுள் எதுவும் 2147483647ஐ மீதியின்றி வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்ணே.

1772ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடிதத்தின் வாயிலாக ஆய்லர் இம்முடிவை அறிவித்தார். அக்கடிதத்தைப் பெற்றவர், தம் இளமைக்கால ஆசிரியரின் குடும்பமாகிய பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவர். அன்று உலகம் அறிந்த பகா எண்களுள் அதுவே மிகப் பெரியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதனை விஞ்சும் பகா எண் எதுவும் கண்டறியப்படவில்லை.

மெர்சென் இந்த எண்ணைப் பற்றிக் கூறியது சரியாயிற்று. ஆனால் அவர் பட்டியலில் பிழைகளும் இருந்தன என்பது பின்னாளில் தெரியவந்தது. ஃபெர்மாவின் ஊகம் தவறாயிற்று. மெர்சென் கூற்று, இந்த எண்ணைப் பொறுத்தவரை, உண்மையாயிற்று. சொன்னவரின் புகழைக் கொண்டு எதையும் முடிவுசெய்யாமல், இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்ததே ஆய்லரின் பெருமை.

எண்ணின் பிற்கால வாழ்வு

இவ்வெண்ணுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 6 என்னும் எண்ணை, தன்னைத் தவிர்த்து, 1, 2, 3 ஆகிய எண்கள் மீதியின்றி வகுக்கும். அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 கிடைக்கும். இத்தகைய எண் நிறைவெண் எனப்படும். அடுத்த நிறைவெண் 28. முப்பது இரண்டுகளைப் பெருக்கி, வந்ததை 2147483647ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் பத்தொன்பது இலக்க எண் தோன்றும். அதுவும் ஒரு நிறைவெண். சிறியதிலிருந்து எண்ணினால் எட்டாவது.

இன்று இவ்வெண் கணினிகளிலும் வாழ்கிறது. 32 இடங்களில் 0, 1 ஆகிய குறிகளால் எண்களை எழுதும் கணினி முறையில், கூட்டல் கழித்தல் குறிக்கென ஓர் இடத்தை ஒதுக்கினால், எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647 ஆகும். 1970ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை இம்முறையில் எண்ணிவரும் கணினிகளின் கணக்கு, 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் இவ்வெல்லையைத் தொடும். அதற்கு மேலும் எண்ணும் வகையில் கணினிகளைப் பொறியாளர்கள் மாற்றியமைத்து வருகின்றனர். 2024ஆம் ஆண்டில் கணினிகளின் துணையால் கண்டறியப்பட்ட பகா எண், ஆய்லர் ஆராய்ந்த எண்ணின் வகையைச் சேர்ந்ததே. அதன் இலக்கங்கள் மட்டும் நான்கு கோடிக்கும் மேற்பட்டவை.

இறுதி நாள்

1783ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 18ஆம் நாள் வரை ஆய்லர் எண்ணிக்கொண்டே இருந்தார். அன்றும் வான்கூண்டுகள் மேலெழும் விதத்தைப் பலகையில் கணக்கிட்டார். அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனசு கோளின் பாதையைப் பற்றி உரையாடினார். அன்று மாலை பேரக்குழந்தையுடன் இருந்தபோது மயங்கிச் சாய்ந்தார், அன்றிரவே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கட்டுரைகள் மிகப் பல. அவற்றை அச்சிட்டு வெளியிடும் பணி பல்லாண்டுகள் நீடித்தது.

வாழ்ந்த நாடுகள் மாறின, கண்கள் மறைந்தன, வீடும் எரிந்தது. பாசல் நகரின் பேச்சும், எதையும் தானே எண்ணிப் பார்த்துத் தெளியும் பழக்கமும் மட்டும் அவருடன் இறுதிவரை இருந்தன.

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆய்லர் தம் ஆசிரியரிடம் மிகச் சில வினாக்களை மட்டுமே கேட்டது ஏன்?
2. ஃபெர்மாவின் ஊகம் தவறு என்பதை எந்த எண் காட்டியது?
3. 2147483647 பகா எண் எனக் காட்டுவது கடினமாக இருந்தது ஏன்?

ஆ) செய்து பார்க்க.
1. 641, 6700417 ஆகிய எண்களைத் தாளில் பெருக்கி விடையைச் சரிபார்க்க.
2. 23, 89 ஆகிய எண்களை 22ஆலும் 8ஆலும் வகுத்து மீதிகளை எழுதுக.
3. 28 ஒரு நிறைவெண் எனக் காட்டுக.

இ) சொல் வளம்.
‘எண்ணுதல்’ போல இருபொருள் தரும் சொற்கள்: ஆறு, படி, திங்கள். ஒவ்வொன்றையும் இரு பொருளிலும் அமைத்துத் தொடர் எழுதுக.

ஈ) எழுதுக.
உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் ஊர்ச்சொற்கள் ஐந்தைப் பெரியோரிடம் கேட்டு, பொருளுடன் எழுதுக.